மூன்று சதவீதத்துக்குத் தலையாட்ட மாட்டேன், அக்கா

கொலம்பஸ், ஓஹையோ
மே பதினொன்று

என் பிழைப்பின் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கும் அக்கா லொரேனுக்கு,

தம்பி வெர்ன் மரியாதையோடு எழுதுவது. இங்கே நானும் ஆர்லீனும் அவளுடைய இரண்டு பூனைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ மறுபடி படியேறுகிறாய் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். அத்தானுக்கு என் வணக்கம். மரியாதை இதோடு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

ஈஸ்டர் அன்று உன் வீட்டில், அத்தானின் சொந்தக்காரர்கள் பதினான்கு பேர் நடுவில், பன்றித்தொடையை நறுக்கிக்கொண்டே நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. "பணக்காரங்களுக்கு வண்டி ஓட்டுறவனுக்கெல்லாம் யூனியன் எதுக்குடா? நாங்க டயர் ஃபேக்டரில ஸ்டிரைக் பண்ணினது வயித்துக்கு. நீங்க எதுக்குப் பண்ணப்போறீங்க, இறால் பத்தலையா?" என்றாய். பதினான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆக்ரனிலிருந்து கொலம்பஸ் வரை இரண்டு மணி நேரம், உனக்குச் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் ஆர்லீனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் பாதி வழியில் தூங்கிவிட்டாள். அதனால்தான் எழுத்தில் தருகிறேன். நீயும் தூங்கிவிடாதே.

முதலில் ஒன்று. புளூ ஹெரான் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகப் பணக்காரர்களுக்கு வாடகை ஜெட் ஓட்டுகிறேன். எங்கள் சம்பள ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடமாகிறது. புதிய ஒப்பந்தம் பேசுவதற்கு யூனியன் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தது. தலைவி கேப்டன் மார்ஜரி ஹாஸ்கெட், கடற்படையில் இருந்தவர், அவர் முறைத்தால் என்ஜின் கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டாவது ஆள் டீக் லிண்ட்க்விஸ்ட், இருபத்தேழு வயது துணை விமானி, விமானம் ஓட்டக் கற்ற கடனைக் கட்ட முடியாமல் ஒரே அறையில் மூன்று பேரோடு தங்கியிருப்பவன். மூன்றாவது ஆள் உன் தம்பி. கம்பெனியோடு பேசப்போவதற்கு முந்தின நாள், எங்களுக்குள் ஒருமித்த கருத்து வேண்டும் என்று விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் காலையிலேயே விமானிகளின் கூட்டம் போட்டோம். ஒருமித்த கருத்தாம்! நூற்றிருபது விமானிகளை ஒரே அறையில் அடைத்தால் நூற்றிருபது கேப்டன்கள்தான் கிடைப்பார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "பெரிய ஏர்லைன்ஸ்காரங்க சம்பளத்த நாம எப்படிக் கேக்க முடியும்? அவங்க இருநூறு பேர ஏத்திட்டுப் போறாங்க, நாம நாலு பேரையும் ஒரு நாயையும் ஏத்திட்டுப் போறோம்" என்றார். முன்வரிசையிலிருந்து இன்னொருவர், "அந்த நாலு பேரு நெனச்சா அந்த இருநூறு பேர வெலைக்கு வாங்கிடுவாங்கய்யா!" என்று கத்தினார். "நாயே வாங்கிடும்" என்றது மூன்றாவது குரல். டீக் எழுந்து, "பெரிசுங்களுக்கெல்லாம் வீடு இருக்கு, லீவு லீவுன்னு கேக்குறீங்க. எனக்கு வீடே இல்ல, எனக்குச் சம்பளம் வேணும்" என்றான். அதன் பிறகு நான் மேடையேறி நாற்பது நிமிடம் பேசினேன். ஏர்லைன்ஸ் கேப்டன் பெட்டி தூக்குகிறாரா? கம்பளி மடிக்கிறாரா? கழிவறையைச் சுத்தம் செய்கிறாரா? நாம் செய்கிறோம்! பதினெட்டு சதவீத உயர்வு, அதற்கு ஒரு துளி குறைந்தாலும் மேஜையை விட்டு எழுந்து வந்துவிடுவது என்று தீர்மானம் கொண்டுவந்ததே நான்தான். எல்லாரும் கை தூக்கினார்கள். கை தட்டினார்கள். அக்கா, நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே பணி ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து போன். டீக்கும் நானும் ஃப்ளோரிடா போய்த் தங்கி, காலையில் ஒரே ஒரு பயணியைக் கொலம்பஸுக்குக் கொண்டுவர வேண்டுமாம். "நாளைக்கு எங்களுக்கு யூனியன் லீவு இருக்கேம்மா" என்றேன். "லீவு மதியம் பன்னண்டுல இருந்துதான் கேப்டன், மீட்டிங்கும் பன்னண்டுக்குத்தானே?" என்றாள் அந்தப் பெண், மிக இனிமையாக. போனோம். காலையில் படியேறி வந்த பயணி யார் தெரியுமா? கம்பெனியின் வக்கீல் கோரின் வாண்டர்மீர். பன்னிரண்டு மணிக்கு எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, எங்களுக்குக் கொடுக்கக் கம்பெனியிடம் பணமில்லை என்று சொல்லப்போகிற அம்மாள். அதைச் சொல்வதற்கு ஒன்பது பேர் உட்காரும் ஜெட்டில் தனியாக வந்தார். ஒரு தட்டு நிறைய இறால் இருந்தது, அதைத் தொடக்கூட இல்லை. (இறால் எனக்கல்ல என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்.)

வானத்தில் ஏறியதும் அந்த அம்மாள் தன் பேச்சைச் சத்தமாக ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். "புளூ ஹெரான் ஒரு கம்பெனி இல்ல, ஒரு குடும்பம்." நான்கு முறை. காபி கொடுக்கப் போன டீக்கிடம், "தம்பி, கேக்க எப்படி இருக்கு?" என்றார். அந்தப் பயல் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றும் சொல்லியிருக்கக் கூடாது. அவன் சொன்னான்: "மேடம், குடும்பம்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துங்க. நல்லா எடுபடும்."

திரும்பி வந்து உட்கார்ந்தவனை, "டேய், நீ யாரு கட்சிடா?" என்று கேட்டேன். "நல்லா இல்லாதத நல்லா இருக்குன்னு சொல்லலையே கேப்டன், திருத்தித்தானே குடுத்தேன்" என்கிறான்.

கொலம்பஸில் இறங்கியதும் விமானத்தின் காலடிக்கே அந்த அம்மாளுக்குக் கார் வந்தது. ஏழு நிமிடத்தில் ஹோட்டலுக்குப் போய்விட்டார். டீக்கையும் கூடவே ஏற்றிக்கொண்டார், வழியில் பேச்சைத் திருத்துவதற்கு! நான் கம்பளியை மடித்து, கோப்பைகளைத் துடைத்து, குப்பையைக் கட்டி, கழிவறைத் தொட்டியைக் காலி செய்கிற வண்டிக்குக் காத்திருந்தேன். வண்டி வந்து நின்றது, குழாய் மாட்டும் ஆளைக் காணவில்லை. ஆள் சாப்பிடப் போயிருந்தார். சரி, இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறோம், நமக்குத் தெரியாததா என்று குழாயை நானே மாட்டினேன். அது சரியாக மாட்டிக்கொள்ளவில்லை என்பதை தொட்டியிலிருந்த நீல மருந்துநீர் என் வலது கை முழுவதும் வந்து எனக்குத் தெரிவித்தது. பேச்சுவார்த்தை அறைக்குள் நான் நுழைந்தபோது மணி ஒன்று ஐந்து. மணிக்கட்டிலிருந்து தோள் வரை நீலம். அந்த நேரம் பார்த்துத்தான் கோரின் அம்மாள், "புளூ ஹெரான் ஒரு கம்பெனி இல்ல" என்று சொல்லி, நிறுத்தி, "ஒரு குடும்பம்" என்றார். மார்ஜரி கண்ணைத் துடைத்துக்கொண்டார், அக்கா. மார்ஜரி! என்னைப் பார்த்ததும் கோரின் அம்மாள், "அடடே கேப்டன், வாங்க! இன்னைக்கு என்ன அருமையா எறக்கினீங்க!" என்றார். கம்பெனி ஆட்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் உட்காராமலே பேசினேன். கையைத் தூக்கிக் காட்டி, "இதோ உங்க குடும்பம்! இந்தக் குடும்பத்துல கக்கூஸ் கழுவுறது யாருங்க?" என்றேன். நல்ல கேள்வி என்று இன்றைக்கும் சொல்வேன். கோரின் அம்மாள் தாளைப் புரட்டி, "அதுக்குத்தான் கேப்டன், பதினோராம் பக்கத்துல புதுசா ஒரு படி போட்டிருக்கோம். தடவைக்குப் பன்னண்டு டாலர்" என்றார். சம்பளம் எவ்வளவு என்று மார்ஜரி கேட்டார். மூன்று சதவீதம். பதினெட்டு கேட்ட இடத்தில் மூன்று! நான் தீர்மானத்தின்படி மேஜையை விட்டு எழுந்தேன், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் நேராக வெளியே நடந்தேன். மார்ஜரியும் டீக்கும் பின்னால் வந்தார்கள். நடைபாதையில் எங்கள் ஆட்கள் என் நீலக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பத்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது. அதே பெண். "கேப்டன், மீட்டிங் முடிஞ்சிருச்சாமே? மீட்டிங் முடிஞ்சா லீவும் முடிஞ்சுது. பயணி சீக்கிரமே ஃப்ளோரிடா திரும்பணுமாம், நீங்களும் டீக்கும் வந்துடுங்க." ஆக, நான் யாரை எதிர்த்து வெளிநடப்புச் செய்தேனோ அந்த அம்மாளுக்கு ஒரு மணி நேரத்தில் விமானத்தின் கதவைத் திறந்துவிட்டேன். பெட்டியும் தூக்கினேன். "கனம் பாத்து" என்றார்.

ஜார்ஜியாவுக்கு மேலே பறக்கும்போது அந்த அம்மாள் எழுந்து வந்து எங்கள் இருக்கைக்குப் பின்னால் நின்றார். "கேப்டன், மேஜைல கேக்கல, இங்க கேக்குறேன். நெஜமா உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார். பதினெட்டு சதவீதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு. "எப்ப வீட்டுக்குப் போவேன்னு எனக்குத் தெரியணும் மேடம்" என்றேன். ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு என்று எழுத்தில் இருக்கிறது. ஏழாம் நாள் சாயங்காலம் போன் வரும், எட்டாவது நாளாகும், ஒன்பதாகும். மகள் பட்டம் வாங்கியதை வயோமிங்கில் ஒரு குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் பார்த்தேன். "என் பெண்டாட்டி முன்னெல்லாம் எப்ப வருவீங்கன்னு கேப்பா. இப்பக் கேக்குறதில்ல. மேஜைல ஒரு தட்டுதான் வைக்கிறா. ரெண்டாவது தட்ட நான் உள்ள வந்தப்புறம்தான் எடுக்குறா" என்றேன். அந்த அம்மாள் டீக்கிடம் ஒரு பேனா கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். டீக் என்னைப் பார்த்தான். "முன்னாடி பாத்து ஓட்டுடா" என்றேன்.

எதிரியிடம் போய் இப்படி உளறிவிட்டேனே என்று மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. நான் பயந்தது சரிதான். போன வாரம் கம்பெனியின் இறுதி முடிவு வந்தது. சம்பளம் அதே மூன்று சதவீதம். கழிவறைப் படி அதே பன்னிரண்டு. கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: ஏழாம் நாள் மாலை ஆறு மணிக்கு மேல் எந்த விமானியையும் அவர் சம்மதம் இல்லாமல் வேலையில் நிறுத்தி வைக்கக் கூடாது. மார்ஜரி அதை மூன்று முறை படித்துவிட்டு, "வெர்ன், இது எங்கேருந்து வந்துச்சு? இத நாம கேக்கவே இல்லையே" என்றார். "யாருக்குத் தெரியும்!" என்றேன் நான். டீக் கூரையைப் பார்த்தான். "இது தூண்டில்! வீட்டைக் காட்டிச் சம்பளத்தப் புடுங்குற வேல!" என்று நான் போட்ட சத்தத்தில் ஹோட்டல்காரர் கதவைத் தட்டினார். விமானிகள் அத்தனை பேருக்கும் ஒரு சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன், ஐந்து பக்கம். தன்மானமுள்ள ஒருவரும் இதற்குத் தலையாட்டக் கூடாது என்று. அடுத்த வாரம் ஓட்டெடுப்பு. நிச்சயம் தோற்கும். தோற்காவிட்டால் அதற்குக் காரணம் டீக் மாதிரி ஆட்கள்தான் என்று இப்போதே எழுதித் தருகிறேன்.

ஆகவே அக்கா, இறால் பற்றி நீ சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். நீ நின்ற வரிசையில்தான் நானும் நிற்கிறேன், கொஞ்சம் உயரத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான். உன் முழங்காலுக்குப் பலமும், உன் நாக்குக்கு ஓய்வும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,

வளைந்து கொடுக்காத உன் தம்பி,
வெர்ன் ஸ்டக்கி

பின்குறிப்பு: தபால்தலை வாங்க நேரமில்லாமல் இந்தக் கடிதம் இரண்டு வாரம் என் பையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் ஓட்டு எண்ணிவிட்டார்கள். ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. ஆதரவு நானூற்றுப் பதினெட்டு, எதிர்ப்பு நானூற்றுப் பதினேழு. "யாருய்யா அந்த ஒருத்தன்?" என்று மார்ஜரி ஆள் ஆளாய்ப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். டீக் எதிர்த்துத்தான் போட்டான், பாவம், எனக்குத் தெரியும். மினசோட்டாவில் ஒரு விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து என் கண்ணெதிரே போனில் எதிர்ப்புப் பொத்தானை அழுத்தினான். அவன் குளிக்கப் போன பிறகு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் வெளியே வருகிறவரைக்கும் அந்த இரண்டு பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுத்தினேன். அந்த ஒருத்தன் நான்தான், அக்கா. யாரிடமும் சொல்லிவிடாதே. வருகிற வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் வேலை முடிகிறது. இப்படி ஒரு வாக்கியத்தை, நாளும் மணியும் போட்டு, இருபத்திரண்டு வருடத்தில் நான் யாருக்கும் எழுதியதே இல்லை. ஆர்லீனிடம் சொன்னேன். நம்பாமல், என் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னாள்.