மூன்று கதவு அலமாரியில் ஒரு பதிப்பகம்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். உங்கள் தங்கையும் நலம். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கித் தந்த மூன்று கதவு அலமாரியில் இடது கதவு மட்டும் நலமாக இல்லை. அங்கே எல்லோரும் சுகம்தானே என்று முறைப்படி விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று காலை உங்கள் தங்கை உங்களிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, தானாக விழுந்தது. “அண்ணா, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடு. இவரோட ஆபீஸ் விஷயத்த இனிமே இப்படியே விட முடியாது. நீ வந்தாத்தான் சரிப்படும். மத்தத நேர்ல சொல்றேன்” என்றாள். உடனே பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். உங்கள் வார்த்தையை அவள் தட்டமாட்டாள். நீங்கள் ‘மூடு’ என்று ஒரு சொல் சொன்னால் என் ஆபீஸ், அதாவது அந்த அலமாரிக்குள் நான் நடத்தும் பதிப்பகம், அன்றைக்கே மூடப்பட்டுவிடும். ஆகவே என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் எத்தனையோ பேர் கதவை உதைத்தும் சாமியைக் கூப்பிட்டும் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஓய்வு பெற்றதும் அதை நாமே சொல்வோம் என்று ‘லிஃப்ட் நின்றால் நீங்கள் நிற்காதீர்கள்’ என்ற புத்தகத்தை எழுதினேன். அச்சடிக்க ஆள் தேடி அலையாமல் வீட்டிலிருந்தே வெளியிடலாம் என்று வேறு ஊரில் இருக்கும் உங்கள் மருமகள், அதாவது என் மகள், வழி சொன்னாள். போனில் படிக்க ஒன்று, பார்க்க வீடியோ ஒன்று, கேட்க ஆடியோ ஒன்று என்று மூன்று வகை. நான் செய்து அனுப்புவேன், அவள் ஏற்றிவிடுவாள்.

முதலில் போனில் படிக்கும் புத்தகம் வந்தது. லிஃப்டுக்குள் எப்படி உட்கார வேண்டும் என்று நானே படம் வரைந்திருந்தேன். அது போனில் தலைகீழாக ஏறிவிட்டது. ‘கூரையில் உட்காருவது எப்படி?’ என்று ஒரு வாசகர் மரியாதையாகக் கேட்டிருந்தார். சரி, வீடியோ எடுப்போம் என்று எங்கள் கட்டடத்து லிஃப்டை மூன்றாம் மாடியில் நிறுத்தி நாற்பது நிமிடம் பேசினேன். அந்த நாற்பது நிமிடத்தில்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்து, இரண்டு பேர் அதை ஐந்தாம் மாடிவரை படியில் சுமந்தார்கள். அவர்கள் என்னைத் திட்டியது வீடியோவில் என் குரலைவிடத் தெளிவாக இருக்கிறது. மறுநாள் லிஃப்டுக்குள் ‘படப்பிடிப்புக்கு அனுமதி இல்லை’ என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். சரி, ஆடியோவாவது உருப்படட்டும் என்று இறங்கினால் இரண்டாம் அத்தியாயத்தில் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. அதுதான் அபாயச் சங்கா என்று ஒருவர் கேட்டு எழுதினார்.

இதற்கெல்லாம் பிறகுதான் உங்கள் அலமாரிக்குள் போனேன். துணி நிறைந்த இடத்தில் எதிரொலி இருக்காது என்று மகள் சொன்னாள். இடது கதவுப் பக்கத்தில் தட்டுகளைக் கழற்றி, ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு சின்ன விளக்கு. பதிப்பகம் தயார். உங்கள் தங்கைக்கு மட்டும் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் உரக்க டோக்கன் எண் கூப்பிட்டவளை வீட்டில் பேசாதே, மிக்ஸி போடாதே, மின்விசிறியை அணை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? அலமாரிக் கதவில் சீட்டெழுதி ஒட்டி வைத்தேன்: ‘ஒலிப்பதிவு நடக்கிறது. உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் திறக்கக் கூடாது.’

அந்தச் சீட்டுதான் என்னைக் கவிழ்த்தது.

போன மாதம் ஒரு காலை, ‘பதறாமல் இருப்பது எப்படி’ என்ற நான்காம் அத்தியாயத்தைப் பதிவு செய்ய உள்ளே போய், மைக்கைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். வெளிப்பக்கத் தாழ் தானாக விழுந்து சிக்கிக்கொண்டது. தள்ளினேன், அசையவில்லை. அந்த அலமாரி உறுதியானது என்று நீங்கள் அன்று சொன்னபோது நான் உள்ளுக்குள் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தட்டினேன், கத்தினேன், உதைத்தேன், உங்கள் தங்கை பெயரை ஏலம் போட்டேன். அவள் வெளியே கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு நிமிடம்! கடைசியில் கதவருகே வந்து, “ரொம்ப நல்லா நடிக்கிறீங்க. ஆனா அந்த ‘செத்தேன்’ங்கிறது கொஞ்சம் ஓவரா இருக்கு” என்றாள்.

“நடிக்கலடி! மாட்டிக்கிட்டேன்!”

தாழை அவளாலும் அசைக்க முடியவில்லை. தச்சருக்குப் போன் செய்தாள், அரை மணி நேரம் ஆகும் என்றார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. முப்பத்திரண்டு வருடம் கதவுக்கு வெளியே நின்று ‘பதறாதீங்க சார், பதறாதீங்க’ என்று சொன்னவன் நான். உள்ளே இருப்பவனுக்கு அதைக் கேட்டால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அப்போது வெளியே என் கையெழுத்துப் பிரதியின் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அந்த டோக்கன் குரல், நிதானமாக:

“அத்தியாயம் நாலு. முதலில் தரையில் உட்காருங்கள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள்.”

“எனக்கு மூச்சு முட்டுது!”

“முட்டாது. இருபத்தோராம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க, காத்து வர வழி இருக்கும்னு.”

“அது லிஃப்டு! இது அலமாரி!”

“அலமாரிக்குக் கீழயும் இடைவெளி இருக்கு. எங்கண்ணன் பாத்து வாங்கினது. வாய மூடிட்டுக் கேளுங்க. வெளியே ஒருவர் இருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். அவர் போய்விட மாட்டார்.”

மைத்துனரே, என் புத்தகத்தை அவள் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பக்க எண் முதற்கொண்டு தெரிந்து வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவும் பதிவாகியிருக்கிறது.

பதிவாகியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஆள் மாட்டிக்கொண்ட சம்பவம் எதுவானாலும் அன்றைக்கே, ஒரு வரிகூட மாற்றாமல் அறிக்கை போய்விட வேண்டும். தச்சர் வந்து என்னை வெளியே இழுத்ததும் கைகள் பழக்கத்தில் வேலை செய்துவிட்டன. நாற்பத்தொன்பது நிமிடத்தையும் அப்படியே மகளுக்கு அனுப்பிவிட்டேன். ‘அப்பா அனுப்பினால் சரியாகத்தான் இருக்கும்’ என்று அவள் கேட்காமலே ஏற்றிவிட்டாள்.

அதுவரை என் ஆடியோவைக் கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் நீங்களும் ஒருவர். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டீர்கள் என்று கணினி காட்டுகிறது, நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இந்த நான்காம் அத்தியாயத்தை இதுவரை நாலாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம் என்று எழுதுகிறார்கள். முதலில் அவமானமாக இருந்தது, வெளியே தலைகாட்டவில்லை. போன வாரம் ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. அலுவலக லிஃப்டில் கைக்குழந்தையோடு அரை மணி நேரம் மாட்டிக்கொண்டாராம். கத்த வாயெடுத்தபோது ‘வாய மூடிட்டுக் கேளுங்க’ என்ற குரல் நினைவுக்கு வந்ததாம். சிரிப்பு வந்துவிட்டதாம். தரையில் உட்கார்ந்து, சாய்ந்து, குழந்தையைத் தூங்க வைத்தாராம். இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் நான் புத்தகமே எழுதினேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன்.

இப்போது சொல்லுங்கள், இந்த ஆபீசை மூடலாமா? இன்னும் ஆறு மாதம் நடக்கட்டும் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் தங்கையின் கோபம் நியாயமானதுதான், நானும் மிக்ஸிக்கு நேரம் ஒதுக்கித் தருகிறேன். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும் சேரட்டும். உங்கள் வீட்டு அலமாரிகளின் தாழ்களும் எப்போதும் லேசாகத் திறக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நல்வார்த்தையை நம்பியிருக்கும்,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் தங்கை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். “மூடச் சொல்ல யாரு கூப்பிட்டா? இன்னொரு அலமாரி வாங்கணும், அண்ணனுக்குத்தான் நல்ல கடை தெரியும்னு கூப்பிட்டேன்” என்கிறாள். ‘மருத்துவமனையில் காத்திருப்பது எப்படி’ என்று அவளே ஒன்று எழுதி முடித்து, இரண்டு அத்தியாயம் பதிவும் செய்துவிட்டாளாம். நான் நடைப்பயிற்சிக்குப் போகும் நேரத்தில்! மகள் அறிவிப்புப் போட, அதைக் கேட்க முந்நூறு பேர் இப்போதே காத்திருக்கிறார்கள். இன்று முதல் இடது கதவு அவளுக்கு. புதுச் சீட்டும் ஒட்டியாயிற்று: ‘ஒலிப்பதிவு நடக்கிறது. இருமக் கூடாது.’ ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அவளிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவும். காலிங்பெல்லைத் தேட வேண்டாம், கழற்றிவிட்டாள். கதவை மெதுவாகத் தட்டுங்கள், திறக்கக் கொஞ்சம் நேரமாகும். அவள் உள்ளே இருக்கும்வரை நான் அலமாரிக்கு வெளியே ஸ்க்ரூடிரைவரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே ஒருவர் இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.