ரம்பத்துக்கு ஊற்றிய தோல் எண்ணெய்

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல நான் பழகிக்கொண்டது இருபத்தெட்டாவது வயதில். அதுவரை யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். குடியாத்தம் பஸ் எப்போது வரும் என்று யாராவது பக்கத்து ஆளிடம் கேட்டால்கூட நான்தான் முந்திக்கொண்டு நேரம் சொல்வேன். (அந்த பஸ் ஒருநாளும் நான் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. அதை பஸ்ஸின் குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.)

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். வேதியியல் படித்தவன் என்பதால் பதனிட்ட தோலை மிருதுவாக்கும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. எந்த எண்ணெயை, எவ்வளவு, எத்தனை சூட்டில் என்று நான் சொன்னால் சொன்னதுதான். என் கையால் எண்ணெய் வாங்கிய ஆட்டுத்தோலை உள்ளங்கையில் கசக்கினால் பட்டுத்துணி போலச் சுருங்கும். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இன்றும் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை.

அந்தச் சமயத்தில் வேலூரில் ஒரு வரன் பேசினார்கள். பெண் பெயர் கிரேஸ், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ஜெயசீலன் சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போட்டோவைப் பார்த்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். அவர்கள் முடிவு செய்யவில்லை. தோல் கம்பெனி மாப்பிள்ளை என்றதும் கிரேஸின் அம்மா, “படிச்ச பையன்தான், ஆனா நாத்தம் வீட்டுக்குள்ள வருமே” என்றாராம். தரகர் அதை ஒரு வார்த்தை குறைக்காமல் என்னிடம் சேர்த்துவிட்டார்.

நான் நாற்றம் பிடித்த ஆள் இல்லை, இயந்திரமும் எண்ணெயும் அறிந்த ஆள் என்று காட்ட ஒரு வாய்ப்பு வேண்டியிருந்தது. அது ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் வடிவில் வந்தது. அவர்கள் வீட்டுப் பின்புறம் நின்ற அந்தக் கிழட்டு மரத்தைக் கரையான் அரித்து, அது ஓட்டுக் கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. வீடு பார்க்கப் போயிருந்த என் பெரியப்பாவிடம் ஜெயசீலன் சார் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். பெரியப்பா என்னிடம் சொன்னார். நான் உடனே, “வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து அறுத்துப் போட்டுடறேன்னு சொல்லுங்க” என்றேன்.

எங்கள் முதலாளி சாயபு வெளிநாட்டிலிருந்து ஒரு மோட்டார் ரம்பம் கொண்டுவந்திருந்தார். பாய்லருக்கு விறகு அறுக்க. ஆம்பூரில் பலரும் அதைப் பார்ப்பதற்கென்றே வந்து போவார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்.

“எடுத்துனு போ பா. ஆனா பெட்ரோல்ல எண்ணெய் கலக்கணும். கம்மியானா மெஷின் செத்துடும், ஜாஸ்தியானா பொகை. டிரைவர் பாஷாவைக் கேட்டுக்கோ.”

“சாயபு, எண்ணெய் விஷயத்துல நான் பாஷாவைக் கேக்கணுமா?”

அவர் ஒரு கணம் யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார். பாவம், என் தோல்களைப் பார்த்து ஏமாந்துவிட்டார்.

இந்த மாதிரி இயந்திரத்துக்கு எண்ணெய் தனியாக ஊற்ற இடம் கிடையாது. ஸ்கூட்டரைப் போல, பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போக வேண்டும். இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ‘டூ-டி’ எண்ணெய். ரம்பத்தின் உடம்பிலேயே அச்சடித்திருந்தது. படித்தேன், புன்னகைத்தேன். ஐந்து வயதுப் பிள்ளை எழுதியதைப் படிக்கும் தாத்தாவைப் போல.

என் சிந்தனை இப்படிப் போனது. பந்தய வண்டிகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள் என்று எங்கோ வாசித்திருக்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் தோலுக்குப் போட, அமிலம் சேர்த்துப் பக்குவப்படுத்திய விளக்கெண்ணெய் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது. சாதாரண எண்ணெய் தண்ணீரில் கலக்காது, இது கலக்கும். தண்ணீரிலேயே கலக்கிற எண்ணெய் பெட்ரோலில் கலக்காதா? (கலக்காது. தண்ணீரோடு சேரப் பக்குவப்படுத்தியதாலேயே அது பெட்ரோலோடு சேராது. இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.) அளவு? ஆட்டுத்தோலுக்கு நூறு கிலோவுக்குப் பத்து கிலோ போடுவேன். மாமனார் வீட்டுக் காரியம், கஞ்சத்தனம் கூடாது. பத்துக்கு ஒன்று.

ஞாயிறு ஆராதனை முடிந்த நேரத்துக்கு, வெள்ளைச் சட்டை, புது பேன்ட், தோளில் ரம்பம் என்று அவர்கள் தெருவில் இறங்கினேன். தெருமுனை பங்க்கில் பெட்ரோல் வாங்கினேன். அங்கிருந்த வயதானவர், “டூ-டி ஊத்தட்டுமா சார்?” என்றார். “நம்ம கிட்ட அதைவிட ஒசத்தியா இருக்கு” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வீட்டுப் பின்புறம் மரத்தைச் சுற்றிச் சொந்தமும் அக்கம்பக்கமும் நாற்பது பேர் இருக்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிரேஸ். நான் பையிலிருந்து கண்ணாடி ஜாடியை எடுத்து, எல்லோரும் பார்க்க எண்ணெயையும் பெட்ரோலையும் ஊற்றிக் குலுக்கினேன். பால் போல வெளுத்தது.

“பாத்தீங்களா சார், எப்படி சேந்துடுச்சு!”

“அடேங்கப்பா” என்றார் ஜெயசீலன் சார்.

அதை ரம்பத்தில் ஊற்றிவிட்டு, உராய்வு என்றால் என்ன என்று விளக்கினேன். பிறகு வெப்பம். கிரேஸின் சித்தப்பா தாமஸ் கொட்டாவி விட்டார். அதன்பின் ஜெயசீலன் சார், “ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிக்கலாம் தம்பி” என்றார். நீளமாக ஜெபித்தார். மரத்துக்காக, கூரைக்காக, தூர தேசத்திலிருந்து வந்த இயந்திரத்துக்காக, அதைப் பிடிக்கப்போகும் கைகளுக்காக. இத்தனை நேரத்தில் தொட்டிக்குள் எண்ணெய் அமைதியாக அடியிலும் பெட்ரோல் மேலேயும் பிரிந்து நின்றிருக்கும். ஜெபத்தில் எண்ணெயை யாரும் குறிப்பிடவில்லை.

கயிற்றை இழுத்தேன். பழைய கலவை கொஞ்சம் மிச்சமிருந்ததோ என்னவோ, உடனே உறுமியது. கூட்டம் கைதட்டியது. மரத்தை எதிர்ப்பக்கம் இழுக்க வடம் கட்டி, நாலு பையன்கள் பிடித்திருந்தார்கள். நான் கூரைப் பக்கமிருந்து அறுக்க ஆரம்பித்தேன். மரத்தூள் பறந்தது. ஜன்னலை ஒருமுறை பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போது புகை வந்தது. வெள்ளையாக, கல்யாண சாம்பிராணி போல. பின்னாலேயே வாசனை வந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் மறக்க முடியாத வாசனை: மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, வயிறு சுத்தமாக, அந்த விளக்கெண்ணெய். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தாமஸ் சித்தப்பா கக்கூஸ் பக்கம் திரும்பி நின்றார். ரம்பம் இருமியது, நின்றது.

“எண்ணெய் சித்த ஜாஸ்தி” என்று சிரித்தேன். கலவையைக் கீழே கொட்டிவிட்டு, மிச்சமிருந்த வெறும் பெட்ரோலை ஊற்றினேன். உள்ளே படிந்ததை அது கழுவிவிடும் என்று கணக்கு. ஜாஸ்தியிலிருந்து நேராக ஒன்றுமில்லாததற்குத் தாவினேன். நடுவில் இருபத்தைந்துக்கு ஒன்று என்று ஒரு ஊர் இருப்பது ஞாபகத்துக்கு வரவேயில்லை.

ரம்பம் மறுபடி பிடித்துக்கொண்டது. என்ன வேகம்! என்ன குரல்! நானே பிரமித்தேன். பாதி மரம் அறுபட்டது. பிறகு உள்ளே இரும்பு இரும்பைக் கடிப்பது போல ஒரு சத்தம். அதன்பின் எந்தச் சத்தமும் இல்லை. கயிறு இழுபடவில்லை. ரம்பத்தின் அலகு மரத்துக்குள் மாட்டிக்கொண்டது, மரம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. முன்பு எப்போதாவது விழலாம் என்றிருந்த மரம், இப்போது எந்த நிமிடமும் விழலாம் என்றானது.

“எல்லாரும் வெளிய வாங்க!” என்று ஜெயசீலன் சார் கத்தினார். வீடு காலியாகித் தெருவுக்கு வந்தது. பையன்கள் வடத்தை வேப்பமரத்தில் சுற்றிக் கட்டினார்கள். கிரேஸின் அம்மா தலையில் கை வைத்தார். “ஐயோ, பிரியாணி உள்ள இருக்குதே!”

“இன்னா ஆச்சு தம்பி?” என்று ஜெயசீலன் சார் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

இந்த இடத்தை எழுதக் கை கூசுகிறது. “பங்க்காரன் பெட்ரோல்ல ஏதோ கலந்துட்டான் சார்” என்றேன்.

தாமஸ் சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டினார். “கெழவனுக்கு அவ்ளோ கொழுப்பா? வாங்கடா!” ஏழெட்டுப் பேர் அவர் பின்னால் கிளம்பினார்கள். தெருமுனையில் அந்த வயதானவர் ஒரு ஸ்கூட்டருக்கு எண்ணெய் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. வாயைத் திறந்தால் கல்யாணம் போய்விடும். திறக்காவிட்டால் அந்த மனிதருக்கு அடி விழும். பாதித் தெரு வரை நானும் பேசாமல் அவர்கள் பின்னால் நடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகுதான் ஓடினேன்.

“நில்லுங்க! அவர் மேல தப்பில்ல! நான்தான் தோலுக்குப் போடற எண்ணெயை ஊத்தினேன்!”

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். தாமஸ் சித்தப்பா திரும்பினார். “தோலுக்கா? மெஷினுக்கு ஏன்யா ஊத்துன?”

பின்னாலேயே வந்துவிட்ட கணக்கு வாத்தியார் கேட்டார், “எந்தக் கணக்குல ஊத்துனீங்க?”

“ஆட்டுத்தோல் கணக்குல சார்.”

இனி எனக்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்தது. ஆனால் அத்தனை பேரும் பசியோடு தெருவில் நின்றார்கள். திரும்பி நடந்தேன், வீட்டுக்குள் போனேன். தலைக்கு மேலே மரம் முனகியது. துணியைச் சுற்றி, பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து எதிர்வீட்டு வாசலில் இறக்கினேன். வெள்ளைச் சட்டை முழுக்க அடுப்புக்கரி அப்பியிருந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பியவனை கிரேஸின் அம்மாதான் நிறுத்தினார். “சாப்டுட்டுப் போப்பா.” தெருவோரம் வரிசையாக உட்கார்ந்தோம். பரிமாறிக்கொண்டு வந்த கிரேஸ் என் இலை முன்னால் நின்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது: “தயிர் பச்சடிதான். எண்ணெய் ஒண்ணும் கலக்கல, தைரியமா சாப்பிடுங்க.”

இரண்டு நாள் கழித்து இழுப்பு ரம்பக்காரர்கள் வந்து மரத்தைப் பத்திரமாக இறக்கினார்கள். பிஸ்டன் இறுகிப்போன இயந்திரத்தைச் சாயபுவின் முன் வைத்து நடந்ததைச் சொன்னேன். தொட்டுப் பார்த்தார். “தோல் எண்ணெய் ஊத்துனியே, சாஃப்ட்டா ஆவலயே பா?” என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்றாம் வாரம் வேலூரிலிருந்து சம்மதம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் இன்றும் யாராவது தெரியாத விஷயத்தில் உறுதியாகப் பேசினால், “இது ஆட்டுத்தோல் கணக்கா?” என்று ஒரு குரல் வரும். பேரப்பிள்ளைகள் வரைக்கும் பரவிவிட்டது. என் முழங்காலைப் பார்த்த டாக்டரிடமே பேத்தி கேட்டுவிட்டாள்.

கிரேஸிடம் ஒருமுறை கேட்டேன், அத்தனைக்கும் பிறகு ஏன் ஒத்துக்கொண்டாய் என்று. தெருவில் உண்மையைக் கத்தியதற்காக என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

“நீங்க உள்ள போய் அண்டாவைத் தூக்கியாந்தீங்க பாருங்க, அதுக்குத்தான். காலையிலேர்ந்து நீங்க வெளக்கம் சொல்லாம செஞ்ச ஒரே வேலை அது.”

எனக்கு அதில் அளவில்லாத பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த அண்டாவின் எடை, அதன் சூடு, மரம் சாய்ந்திருந்த கோணம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறேன். அவள் எழுந்து காபி போடப் போய்விடுகிறாள்.