பாதி தின்ற கூப்பன்

ஒரு காட்டில், அதாவது பைபாஸ் ரோடு போட்டது போக மிச்சம் கிடந்த காட்டில், வேங்கையார் ஸ்டோர்ஸ் என்று ஒரு மளிகைக் கடை இருந்தது. முதலாளி ஒரு புலி. வயசாகிவிட்டது, மூட்டு வலி வேறு. துரத்தினால் முயல்கூட நின்று, திரும்பிப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனது. புலி யோசித்தது. இரையைத் தேடி நாம் ஏன் ஓட வேண்டும்? ஏசி போட்டு, வாசலில் 'தள்ளுபடி' என்று ஒரு போர்டு மாட்டினால் அதுவே பையைத் தூக்கிக்கொண்டு வருமே! மாட்டியது. வந்தன.

கடையில் வாரா வாரம் குலுக்கல். பரிசுக் கூப்பன் விழுந்தவருக்கு முதலாளி குகையில் மதிய விருந்து. விருந்துக்குப் போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. அதற்காக யாராவது சந்தேகப்பட்டார்களா? அதுதான் இல்லை. "ஓசிச் சோறு தின்னதும் தலைகால் புரியலை பாரு, இனி நம்மளையெல்லாம் கண்டுக்குமா அது!" என்று வயிறெரிந்ததோடு சரி.

அந்தக் கடை என்றால் வேலாத்தாள் என்கிற வெள்ளாட்டுக்கு உயிர். கூப்பன் இல்லாமல் ஒரு உப்புப் பாக்கெட் வாங்க மாட்டாள். கூப்பன் இருந்தால் எதையும் வாங்குவாள். மேல்வரிசையில் முன்பல்லே கிடையாத இனம், நாலு பிரஷ் சேர்ந்த பேஸ்ட் டப்பா வாங்கி வைத்திருந்தாள். பக்கெட் இலவசம் என்று பினாயில் வாங்கினாள். பக்கெட் நிறைய பக்கெட் சேர்ந்தது. வீட்டில் பசிக்குத் தின்ன மட்டும் ஒன்றுமில்லை.

"ஏம்புள்ள, ஒரு கட்டுப் புல்லு வாங்கியாந்தா என்ன?" என்று கேட்டான் அவள் புருஷன் மாரப்பன்.

"புல்லுக்கு ஆஃபரே போட மாட்டேங்கறாங்களே, நான் என்னங்க பண்ணட்டும்?"

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளாடு காகிதத்தைக் கண்டால் சும்மா விடாது. சுவரொட்டியைப் பசையோடு உரித்துத் தின்கிற கூட்டம் அது. வேலாத்தாளோ கூப்பனில் ஒருநாளும் வாய் வைத்ததில்லை. வாயில் எச்சில் ஊறினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி டின்னை மூடிவிடுவாள். அதில்தான் கூப்பன் இருக்கும், அரிசி எங்கே இருந்தது?

அந்த வாரக் குலுக்கலில் பரிசு வேலாத்தாளுக்கு விழுந்தது. அவள் அழுதே விட்டாள்.

"பொறந்ததுல இருந்து எனக்கு எதுவும் சும்மா கிடைச்சதில்லைங்க. கல்யாணத்துல வந்த மொய்கூடத் திருப்பி வெக்கறதுதான்."

கூப்பனை டின்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் மாரப்பன் வாய் அசைந்துகொண்டிருந்தது. பாய்ந்து பிடுங்கினாள். பாதிதான் கைக்கு வந்தது.

"கட்டைல போறவனே! என்ன காரியம் பண்ணுனே!"

"பசிச்சுது புள்ள. மொறுமொறுன்னு வேற இருந்துச்சு."

அவனை ஒரு முட்டு முட்டிவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு குகைக்கு ஓடினாள். வாசலிலேயே புலி நின்றது. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரோடு கடையின் கல்லாக்காரப் பெருச்சாளி.

"மொதலாளி, கூப்பன் பாதிதானுங்க இருக்குது. செல்லுங்களா?"

"பாதி இருந்தா என்ன தாயி, நீ முழுசா வந்துட்டியே. உள்ள வா."

புலி ஓர் அடி எடுத்து வைத்தது. பெருச்சாளி குறுக்கே விழுந்து, அதன் காதோடு சொன்னது: "நில்லுங்க மொதலாளி! பார்கோடு இல்ல, பில் போட முடியாது."

"திங்கறதுக்கு எதுக்குடா பில்லு?" புலியும் குரலைத் தாழ்த்தியது.

"பில் போடாம ஒரு உருப்படி உள்ள போனா கணக்கு இடிக்குங்க. ஆடிட்டர் நரி வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கங்க."

புலிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம் உண்டு, அது ஆடிட்டர் நரி. எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

பெருச்சாளி சத்தமாகக் கேட்டது. "அந்தப் பாதி எங்கம்மா?"

"எங்க வீட்டுக்காரர் வயித்துலதானுங்க."

"அப்ப அவரையும் கூட்டிட்டு வந்துருங்க. ரெண்டு பாதியும் ஒரே இடத்துல இருந்தாப் போதும், நான் கையாலயே கம்ப்யூட்டர்ல ஏத்திடுவேன். இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும்தான் செல்லும்."

வேலாத்தாள் திரும்பி ஓடினாள். அப்பாடா, தப்பித்தாள் என்று நீங்கள் மூச்சு விட்டிருப்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

வீட்டில் மாரப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "குகைக்குள்ள வேற என்ன புள்ள பார்த்தே?"

"போன வாரம் பரிசு விழுந்த கிடாயோட கழுத்து மணி உள்ள மூலையில கிடந்தது வாசல்லயே தெரிஞ்சுதுங்க. மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு போல."

மாரப்பன் சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்தான். "எனக்கென்னமோ சரியாப் படலை. விட்டுரலாம் புள்ள."

"விட்டுரலாமா? என் ஆயுசுல விழுந்த ஒரே பரிசுங்க. அதையும் நீங்க தின்னுட்டீங்க. இப்ப வரவும் மாட்டேங்கறீங்க."

அவள் அழுவதைப் பார்க்க அவனுக்கு ஆகவில்லை. எழுந்து கூடவே நடந்தான்.

குகையில் ஒரு பெரிய வாழை இலை போட்டிருந்தது. இலையில் ஒன்றுமில்லை.

"சாப்பாடு எங்கங்க மொதலாளி?" என்றாள் வேலாத்தாள்.

"வந்தாச்சு" என்றது புலி, மாரப்பனைப் பார்த்து.

பெருச்சாளி தட்டித் தட்டி ஏற்றியது. கம்ப்யூட்டர் ஒரு பில்லைத் துப்பியது. 'ஆடு ஒன்று. ஒன்றுக்கு ஒன்று இலவசம்' என்று அச்சாகியிருந்தது. வேலாத்தாளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆனாலும் பழகின வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க, நம்ம ரெண்டு பேர்ல யாருங்க இலவசம்?"

மாரப்பன் அவளை ஒட்டி நின்றுகொண்டான். "நான்தான் புள்ள இலவசம். உன்னை முழு வெலையில பில்லு போட்டிருக்காங்க."

வேலாத்தாளுக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் கடை வரிசையில் பக்கத்து வீட்டு ஆடு சொன்னது: "ஒரு கூப்பனுக்குக் குடும்பத்தோட போயிருக்காங்க பாரேன். பேராசை!"

நீதி: எந்தக் காரியத்தையும் பாதியில் விடக் கூடாது. கூப்பனைத் தின்னத் தொடங்கினால் முழுசாகத் தின்றுவிட வேண்டும்.