மூன்று கோட்டிங் அடித்த முகம்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, தங்கள் தங்கையின் கணவனும் இருபத்தெட்டு வருடமாகச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், என் முகத்தைத் தவிர.

"மாப்ள, அந்த க்ரீமை நிறுத்துங்க. இல்லன்னா திங்கக்கிழமை புதுக் கட்டட வேலைக்கு வேற பெயின்டரைக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று போனில் சொன்னீர்கள். நிறுத்த மாட்டேன். பருத் தழும்புக்குத் தோல் டாக்டர் கொடுத்த ரெட்டினாய்டு க்ரீம் அது. முதல் வாரம் எரிந்தது, இரண்டாம் வாரம் சிவந்தது, மூன்றாம் வாரம் மூக்கோரம் உரிய ஆரம்பித்து, ஒளிந்திருந்த பருக்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் வெளியே வந்தன. சிரித்தால் கன்னம் இழுக்கிறது, அதனால் வீட்டில் யாராவது ஜோக் சொன்னால் எழுந்து போய்விடுகிறேன். வெயில் முகத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்கள் தங்கையின் பூப்போட்ட குடையோடு சாரத்தில் ஏறினேன், கீழே நின்ற கொத்தனார் "பாத்து ஏறுங்கம்மா" என்றார். நேற்று ஒரு வீட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க மூஞ்சியே உரியுது, என் சுவத்துல மட்டும் பெயின்ட் எப்படி நிக்கும்?" என்று கேட்டார். பழசைச் சுரண்டாமல் புதுசு பிடிக்காது என்று விளக்கினேன். வாசலைக் காட்டினார்.

மச்சான், இது பதினாறு வயதில் வந்த பரு. யார் முகத்தையும் பார்க்க வேண்டாத வேலை என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். கல்யாண போட்டோவில்கூடப் பக்கவாட்டில்தான் நிற்கிறேன். அவ்வளவு வெட்கம். நாற்பத்தெட்டு வயதில் என்ன மினுக்கு என்கிறீர்கள். ஆமாம், மினுக்கத்தான் போகிறேன். திங்கட்கிழமை இதே முகத்தோடு வந்து கட்டட முதலாளியை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவேன்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் நோயற்ற வாழ்வும், தங்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் பொறுமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உரிந்துகொண்டிருக்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் உங்கள் தங்கை டாக்டர் சீட்டை எடுத்துப் படித்தாள். பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டே இரவு என்று எழுதியிருக்கிறதாம். நான் தினமும், காயக் காய மூன்று கோட்டிங் கொடுத்திருக்கிறேன். ஒரே கோட்டிங்கோடு விட்டால் அது ஏமாற்று வேலை, தொழில் புத்தி போகுமா? டாக்டருக்குப் போன் போட்டதில், முகம் ஆறும்வரை நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். திங்கட்கிழமை இதே முகத்தோடு வருகிறேன் என்பதை மட்டும் அடிக்காதீர்கள்.