மாதனூரில் நான் வடித்த தண்ணீர்

படிக்காதவன் முட்டாள்தனம் செய்தால் அதோடு முடிந்துவிடும். படித்தவன் அதற்குக் காரணமும் சொல்வான். நான் ஆம்பூர் தோல் டேனரி ஒன்றில் முப்பது வருடம் கெமிஸ்ட்டாக இருந்தவன். என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. ஏறுவதற்கு எட்டுப் பேர், இறங்கித் தள்ளுவதற்கும் அதே எட்டுப் பேர். வேலூர் போகும்போதெல்லாம் மாதனூரில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பின்னாளில் மகன் சாமுவேல் வாங்கிய சின்னச் சிவப்புக் கார் தாகமே இல்லாமல் ஓடியது. (தண்ணீர் கேட்காத வண்டியை எப்படி நம்புவது?)

மகள் எஸ்தருக்கு வேலூரில் நர்சிங் படிப்புக்கான நேர்முகத் தேர்வு, காலை பத்து மணிக்கு. சாமுவேல் வெளியூர் போயிருந்ததால் சிவப்புக் காரை நான் ஓட்டினேன். மாதனூர் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிறுத்திவிட்டேன்.

"இன்னாப்பா, ஏன் நின்னுட்டீங்க?"

"ஒரு நிமிஷம்மா. தண்ணி மட்டும் பாத்துட்டு வர்றேன்."

பானட்டைத் திறந்தால், பிளாஸ்டிக் டப்பாவில் பச்சைத் திரவம்! தோல் பதனிடும் பச்சைக் குரோம் தண்ணீரை முப்பது வருடம் பார்த்தவன் ஆயிற்றே. எவனோ டேனரிக் கழிவை ஊற்றிவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஸ்பேனரை எடுத்து ரேடியேட்டரின் கீழ்க்குழாய் கிளிப்பைக் கழற்றினேன். கொதிக்கக் கொதிக்க வந்தது. கை சுட்டும் விடவில்லை.

எதிர் டீக்கடை பாய் ஓடி வந்தார். "சார், இன்னா பண்றீங்க? அது இன்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட்டு! ஷோரூம்லயே பச்சையாத்தான் ஊத்துவாங்க."

"பாய், நான் கெமிஸ்ட்."

"நான் டீ போடறவன்தான் சார். ஆனா என் மச்சான் வண்டியிலயும் பச்சைதான்."

அப்போது கிளிப் கைநழுவிச் சாக்கடையில் விழுந்தது. பாய் குடம் குடமாகக் கொடுத்த தண்ணீரெல்லாம் மேலே ஊற்ற ஊற்றக் கீழே போனது. பேருந்துகள் கூட்டத்தோடு நிற்காமல் போயின. எஸ்தர் சான்றிதழ் ஃபைலை அணைத்தபடி ஒவ்வொன்றுக்கும் கை நீட்டினாள். ஒருவழியாக ஒன்றில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பட்டியலை மூடிவிட்டார்கள்.

அவளுக்கு ஒரு வருடம் வீணானது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுவருடம் தனியாகப் பஸ்ஸில் போய் இடம் வாங்கினாள். தேர்வுத் தேதியை என்னிடம் சொல்லவே இல்லை.

இன்று அவள் சீனியர் நர்ஸ். சொந்தக் கார் வைத்திருக்கிறாள். நான் ஏறுமுன் பேரப்பிள்ளைகள், "தாத்தா, கையைக் காட்டுங்க" என்று ஸ்பேனர் சோதனை போடுவார்கள். எல்லோரும் சிரிப்போம்.

மாதனூர் வந்ததும் எஸ்தர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவாள். நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.