சிறுத்தையின் கோரைப்பல் நேரான கதை

ஒரு காட்டில் கேமரா வரும்வரை எல்லோரும் அழகாகத்தான் இருந்தார்கள். வனத்துறைக்காரர்கள் மரத்துக்கு மரம் கேமரா கட்டியதும் வந்தது வினை. சிங்காரம் என்ற சிறுத்தையின் படம் காட்டு வாசலில் பெரிதாகத் தொங்கியது. அதில் மேல் கோரைப்பல் ஒன்று பக்கவாட்டில் திரும்பி நின்றது. குரங்குகள் சும்மா இருக்குமா? கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துச் சிரித்தன.

சிங்காரம் நேரே பல் டாக்டர் தனபாக்கியத்திடம் போனான். அவள் ஒரு வரையாடு. அந்தக் காட்டில் பல்லுக்கு அவளை விட்டால் ஆளில்லை.

"கம்பி வேணாம், வெளியே தெரியும். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை போடுங்க டாக்டரம்மா. பல் நேரானதும் முதல் கடி உங்களைத்தான். ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்காது" என்றான்.

தனபாக்கியம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முடியாது என்றால் இப்போதே சாவு, முடித்துக் கொடுத்தால் பிறகு சாவு. பிறகே மேல் என்று உறையை மாட்டினாள்.

பல் அசையவில்லை. "கோரைப்பல் உருண்டையா இருக்குங்க. உறை வழுக்குது" என்று புதுப்புது உறையாக மாற்றி நாளை ஓட்டினாள். ஒருநாள் சிங்காரம் உறுமிவிட்டான். வேறு வழியில்லாமல் பல்லின் மேல், பல் நிறத்திலேயே ஒரு சின்ன மேடு ஒட்டினாள். உறைக்குப் பிடி கிடைத்தது. முன்பக்கம் ஓர் ஓரத்தில் தள்ள, பின்பக்கம் எதிர் ஓரத்தில் தள்ள, ஜாடி மூடியைத் திருகுவதுபோலப் பல் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பியது.

குளத்தில் முகம் பார்த்த சிங்காரம் சொக்கிப்போனான். "பிரமாதம்! ரெடியா டாக்டரம்மா?"

"தாராளமா சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு, பல்லைச் சுத்தி இருக்குற நார் முறுக்கிக்கிட்டு நிக்குது. விட்டா பழைய இடத்துக்கே இழுத்துரும். தினம் ராத்திரி உறை போட்டே ஆகணும். அது கிழியக் கிழியப் புதுசு செய்யணும்."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"யாரு செய்வா?"

தனபாக்கியம் நிதானமாக அசைபோட்டாள். சிங்காரம் கடிக்கத் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் அவள் தம்பி, உறை செய்ய ஆள் வேண்டும் என்று உதவியாளராகச் சேர்ந்தான்; அவனையும் தொடமுடியாது. அப்புறம் சித்தி, மாமா, மாமா பிள்ளைகள். மான்கள்கூட டோக்கன் கொடுக்க வந்துவிட்டன. மழைக்காலத்துக்குள் காட்டில் புல் தின்கிற அத்தனை பேரும் வெள்ளைக் கோட்டில் நின்றார்கள்.

இப்போது காட்டு வாசலில் புதுப் படம் தொங்குகிறது. சிங்காரத்தின் பல் வரிசையாக இருக்கிறது. விலா எலும்பு அதைவிட வரிசையாக இருக்கிறது.

நீதி: பல்லைப் பிடுங்கும் டாக்டரைத் தின்றுவிடலாம், பல்லைத் திருப்பும் டாக்டரைத் தின்னவே முடியாது.