பத்தொன்பதாம் மாடி ஜன்னல்

இந்தத் தடவை ஒரு ஜன்னலையாவது எனக்கே எனக்கென்று வைத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஜன்னல் வாய்த்ததே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் என் மனைவிக்கு. ரயிலிலும் அவளுக்கு. வீட்டுக் கட்டிலில் காற்று வரும் பக்கம் அவளுக்கு, சுவர்ப் பக்கம் எனக்கு. அந்தச் சுவரில் எங்கெங்கே சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நான் ஒரு மெத்தைக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஊரைத் தூங்க வைப்பது என் பிழைப்பு. பெருநகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மொத்தமாக மெத்தை வேண்டுமாம். தனியாகப் போய்ப் பேசி முடித்துவிட்டு வா என்றார் மேனேஜர். "தங்கறதுக்கு ஓட்டலை நீயே பாத்துக்கோ, செலவு கம்பெனியோடது" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதில்தான் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

அன்றிலிருந்து குளியலறைதான் என் அலுவலகம். குழாயைத் திறந்துவிட்டு, கைபேசியில் ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கினேன். மற்றவர்கள் வாடகையைப் பார்ப்பார்கள். நான் படத்தில் மெத்தையின் ஓரத்தைப் பார்ப்பேன். யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம் அப்படியே இருந்தால், அது ஆயுள் முடிந்த மெத்தை. ஓர் ஓட்டலில் மெத்தை அருமையாக இருந்தது. ஆனால் அது போட்டிக் கம்பெனிக்காரன் செய்தது. மானம் தடுத்துவிட்டது.

கடைசியில் கிடைத்தது நான் தேடியது. பத்தொன்பதாம் மாடி. அறையின் ஒரு பக்கம் சுவருக்குப் பதில் முழுக்கக் கண்ணாடி. பக்கத்தில் கால் நீட்டிச் சாய ஒரு நாற்காலி. தங்கிப் போன யாரோ எழுதியிருந்தார்: "சாயங்காலம் மேகம் வந்து கண்ணாடியில் சாய்ந்துகொள்கிறது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மேகமும் நானும் மட்டும். கீழே நகரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மேலே நான் ஒன்றுமே செய்யாமல் இருப்பேன். ஒரு மேகம் போகும். இன்னொன்று வரும். சரி, வா என்று அதையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?"

கதவு தட்டப்பட்டது. மேகம் கலைந்தது.

உண்மையைச் சொன்னால் என் பெட்டிக்கு முன்னால் அவள் பெட்டி வாசலில் நிற்கும். ஆகவே கொஞ்சம் கற்பனையைக் கலந்தேன்.

"ஓட்டல் பாத்தாச்சா?"

"ஓட்டலா? லாட்ஜ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

"ரூம் எப்படி?"

"ஒத்தைக் கட்டில். மூட்டைப்பூச்சி வேற இருக்காம்."

"ஜன்னல்?"

"இருக்கு. தொறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவரு."

"அய்யோ பாவம், அங்கயும் சுவருதானா!"

"என் தலையெழுத்து, என்ன பண்றது?"

"துணைக்கு நான் வேணா வரட்டுமா?"

"மூட்டைப்பூச்சின்னு சொல்றேன்ல!"

"அதுவும் சரிதான். எனக்குக் கடிச்சா தடிச்சுடும். நீங்களே போயிட்டு வாங்க."

இவ்வளவு சுலபமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எங்கள் கம்பெனியின் உயர்ந்த ரக மெத்தைதான் வீட்டில். "நீங்க நல்லாத் தூங்கணும், எனக்கு அதான் வேணும்" என்று அவள் அடம் பிடித்து வாங்க வைத்தது. தலை சாய்ந்ததும் கட்டில் மெல்ல மிதந்தது. கூரையைத் தாண்டி மேகத்தில் போய் நின்றது. அங்கே ஒரு வரவேற்பு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு பெண். முகம் பனிமூட்டம், குரல் மட்டும் தேன்.

"எந்த ஓட்டல் சார்?"

பெயரைச் சொன்னேன்.

"எத்தனாவது மாடி?"

"பத்தொம்போது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி."

"என்னைக்கு வர்றீங்க?"

"புதன்கிழமை சாயங்காலம்."

"வீட்ல அவங்க வரலையா?"

"ஐயையோ! அவகிட்ட லாட்ஜுன்னு சொல்லியிருக்கேன். காட்டிக் குடுத்துடாதீங்க."

"மாட்டேன் சார். நிம்மதியாத் தூங்குங்க."

எவ்வளவு தங்கமான பெண்! கண் விழித்தபோது தலைமாட்டில் என் மனைவி காபியோடு உட்கார்ந்திருந்தாள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி சர்க்கரை கூடுதல்.

புதன்கிழமை விடியற்காலையில் அவளே என் பெட்டியை அடுக்கினாள். பழைய போர்வை, கொசுவர்த்தி, ஒரு பூட்டு, மூட்டைப்பூச்சி மருந்து. "உங்களை நெனச்சா மனசே கேக்கல" என்று வாசலில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. தெரு திரும்பியதும் சரியாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வேலை நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் ஓட்டல் வரவேற்பறையில் பெயரைச் சொன்னேன்.

"சாவியைக் குடுத்தாச்சே சார். உங்களோட தங்கறவங்க மத்தியானமே வந்துட்டாங்க" என்றார் அங்கிருந்தவர்.

"என்னோட தங்கறவங்களா?"

மேனேஜராகத்தான் இருக்கும். செலவை வேவு பார்க்க வந்துவிட்டார்! லிப்டில் அவருக்குச் சொல்ல ஒரு சாக்கை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன்.

எழுதியிருந்தது பொய்யில்லை. மேகம் வந்திருந்தது. கண்ணாடியில் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் எதிரில் என் நாற்காலியில், கால் நீட்டி, என் மனைவி.

"வாங்க. இப்பதான் ஒண்ணு போய் அடுத்தது வந்துச்சு" என்றாள், திரும்பாமலே.

"நீ... எப்படி... யாரு சொன்னா?"

"நீங்கதான்."

"நானா? எப்போ?"

"ஞாயித்துக்கிழமை. தூக்கத்துல."

"நான் தூக்கத்துல பேசுவேனா?"

"சும்மா பேச மாட்டீங்க. கேட்டா பதில் சொல்லுவீங்க. கல்யாணமான புதுசுலேர்ந்தே அப்படித்தான்."

பெட்டியோடு கட்டிலில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு மெத்தைக்கு அவள் ஏன் அப்படி அடம் பிடித்தாள் என்பது இத்தனை வருஷம் கழித்து விளங்கியது. பழைய போர்வையும் பூச்சி மருந்துமாக அந்தப் பெட்டி வேறு மடியில் கனத்தது.

அவள் எழுந்து வந்து மெத்தையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நம்ம வீட்டுதைவிட ஒசத்தி. சுவத்துப் பக்கமா படுங்க, இன்னும் ரெண்டு விஷயம் கேக்க வேண்டியிருக்கு."